குடத்துக்காரருக்குக் கேட்க வேண்டிய சத்தம்

எட்டயபுரத்தில் புதிதாக எடிட்டிங் அறை திறந்திருக்கும் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் போன வாரம் வாட்ஸப்பில் எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணாச்சி, ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ரெண்டு வாங்கிட்டேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால பச்சை ஓட்டை இருக்குல்லா, அதுல சொருகுனேன். ஒரே இரைச்சலா வருது. கடைக்காரன் ஏமாத்திட்டானோன்னு இருக்கு."

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்தப் பச்சை ஓட்டைதான் ஏமாற்றுகிறது. இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் ஃபோனை எடுத்தேன். எழுத எழுத செண்பகம் மேடத்தின் முகம் குறுக்கே வந்து நின்றது. அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, காது முன்னைப்போல் இல்லை என்று போன வருசம்தான் ஓய்வு பெற்றேன். ஸ்பீக்கர் மாட்டுகிற விஷயத்தை அவர் பேரைச் சொல்லாமல் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே எட்டயபுரத்துக்காரர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் வேலையின் முதல் பாதி மைக்செட். கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கரிசக்காட்டு ஊர்களில் கோயில் கொடை, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். எங்கள் தொழிலில் நல்ல சத்தம் என்றால் அடுத்த ஊருக்குக் கேட்கிற சத்தம். அதைவிட நல்லது ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது; தலைக்கு மேலே எந்நேரமும் குழாய் கத்திக்கொண்டிருந்ததே.

செண்பகம் மேடம் மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஒலிப்பதிவு படித்து, அங்கேயே சில வருசம் வேலையும் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி எட்டயபுரம் ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் கூடம் போட்டார். வயதில் என்னைவிட ரொம்ப இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் மேடம் என்பேன். சாமி பாட்டு, ஆட்டோ விளம்பரம், தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு, இவைதான் எங்கள் பிழைப்பு. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதிவு மோசமாக இருந்தால், "இன்னொரு தடவ கேப்போம்" என்பார். அவ்வளவுதான். நான் மறுபடி முதலில் இருந்து தொடங்குவேன்.

கூடம் தொடங்கி ரொம்ப நாள் சாதாரணக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில்தான் ஓட்டினோம். ஒருநாள் பெரிய அட்டைப்பெட்டி இரண்டு வந்து இறங்கின. பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆம்ப்ளிஃபையர் எங்க மேடம்?" என்றேன்.

"அது உள்ளயே இருக்கு அண்ணாச்சி. தனியா வேண்டாம்."

அன்று அவர் மாட்டிய விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பச்சை ஓட்டைப் பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மின்விசிறியும் இன்னும் என்னென்னவோ ஓடுகின்றன. அந்த இரைச்சலெல்லாம் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து வெளியே வரும். அதனால் கம்ப்யூட்டரில் இருந்து யு.எஸ்.பி. வயரை ஒரு சின்னப் பெட்டிக்கு இழுத்தார். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பேர். எனக்கு அது நடுப்பெட்டி. நடுப்பெட்டியில் இருந்து ஸ்பீக்கருக்கு ஒன்று வீதம் தடித்த வயர். அந்த வயருக்குள் ஒரே சத்தம் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் போகும். வழியில் ஒட்டிய குப்பை இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஸ்பீக்கருக்குள் போனதும் கழிந்துவிடும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருக்கும், தானே கண்டுபிடித்த மாதிரி.

பிறகு கட்டுக்கயிறு ஒன்றை எடுத்தார். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொரு ஸ்பீக்கரில் இருந்தும் கேட்பவர் தலைக்கு இருக்க வேண்டும். என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கயிற்றைப் பிடித்து அளந்தார். ஸ்பீக்கரின் மேலே இருக்கிற சின்ன வாய் என் காது உயரத்துக்கு வரும்வரை அடியில் பலகை கொடுத்தார். சுவரில் ஒட்டாமல் முன்னால் இழுத்து வைத்தார், ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் பொய்யாக ஊதிக் காட்டும் என்று. போடும்போது கம்ப்யூட்டர், நடுப்பெட்டி, கடைசியில்தான் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். மாற்றிச் செய்தால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். "அது நெஞ்சுல குத்துறது மாதிரி அண்ணாச்சி, ரெண்டு குத்து தாங்கும், பெறகு தாங்காது" என்பார்.

எல்லாம் முடிந்து, நாங்கள் பதிவு செய்ததிலேயே நல்ல பெயர் வாங்கிய ஒரு சாமி பாட்டைப் போட்டோம். என் கையால் கலந்த பாட்டு. பாடகர் எச்சில் விழுங்குவது கேட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கம் தளர்ந்திருந்தது தெரிந்தது. நடுவில் எவனோ நாற்காலியை இழுக்கிறான்; நினைத்துப் பார்த்தால் அது நான். "இந்த ஸ்பீக்கர் நல்லாவே இல்லயே மேடம்" என்றேன் கடுப்பில்.

அவர் சிரித்தார். "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு இத வாங்கல அண்ணாச்சி. உள்ளதச் சொல்றதுக்கு வாங்கிருக்கோம்."

அந்த ஸ்பீக்கர்களை அவர் பார்த்துக்கொண்ட விதம் ஊரறியும். கோடையில் கரிசல் தூசி எந்தச் சந்திலும் நுழையும். தினமும் மெல்லிய துணியால் துடைத்து, உறை போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வெளியாள் யாரும் தொட முடியாது. அரசியல்வாதி ஒருவர் அதன் மேல் டீ கிளாஸை வைக்கப் போனபோது, பேச்சை நிறுத்தாமலே கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார்.

இனி ஒரு கோடைக்கு வருகிறேன்.

எட்டயபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊர். அங்கே பேச்சியம்மாள் என்று வில்லுப்பாட்டுக்காரர். தன் ஊர் அம்மன் கொடைக்கு வருசாவருசம் அம்மன் கதையை அவர்தான் வில்லில் உட்கார்ந்து பாடுவார். அவர் வீட்டுக்காரர் சுடலைமுத்து பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பார். அவர்களோடு உடுக்கைக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர். தலைமைப் பாட்டு ஒரு வரியைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்று போட்டு, அதே வரியைத் திரும்பப் பாட வேண்டும். வில்லுப்பாட்டில் அதுதான் முறை.

பேச்சியம்மாளுக்குக் கழுத்தில் கட்டி. அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். அறுத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, மெதுவாக, பாட அனுமதித்திருந்தார். அந்த ஒரு தடவைக்குத்தான் எங்களிடம் வந்தார்கள். குரல் போய்விட்டால் கொடைக்கு வேறு ஊர்க் குழுவைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை வேறு. பேச்சியம்மாள் பாடுகிற கதை அவரோடு நின்றுவிடும்.

"எஞ் சத்தத்துலயே கத இருக்கணும் தாயி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் மேடத்திடம்.

மேடம் குடத்தையும் உடுக்கையையும் தாளத்தையும் பக்கத்து அறையில் உட்கார வைத்தார். நடுவில் கண்ணாடி. எல்லோருக்கும் ஹெட்ஃபோன். சுடலைமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒண்ணா ஒக்காந்து பாடுனாத்தான வில்லுப்பாட்டு?" என்றார்.

"நீங்க ஒரு அடி தப்பிட்டீங்கன்னா அத மட்டும் நாளைக்கி திரும்ப அடிச்சிக்கலாம் அய்யா. ஒரே மைக்குல சேந்து கெடந்துச்சுன்னா அந்தம்மா மறுபடி பாடணும்" என்றார் மேடம். சுடலைமுத்து போய்க் குடத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வில்லை அடிக்கிற வீசுகோல் கையில் இல்லாமல் பேச்சியம்மாளுக்குப் பாட்டு வரவில்லை. வில்லை அடித்தால் அந்தச் சத்தம் குரல் மைக்கில் விழும். மேடம் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பேச்சியம்மாள் தலையணையை வீசுகோலால் அடித்துக்கொண்டே கதையைப் பாடி முடித்தார். கடைசிப் பகுதியில் ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். திரையைப் பார்க்க முடியவில்லை, கண் மறைத்தது.

பேச்சியம்மாள் வெந்நீரோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பதிவின்போது அணைத்து வைத்திருந்த மானிட்டர்களைப் போட்டுக் கேட்டோம். குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "கெட்டுப் போச்சா தாயி? நான் பாடுதேன். இன்னொரு தடவ பாட முடியும்" என்று எழுந்தார். அந்த இரண்டு வாக்கியத்துக்கே குரல் உடைந்தது.

"ஒக்காருங்கம்மா. இரைச்சல் எங்கன இருந்து வருதுன்னு தெரியாம இங்க யாரும் பாட வேண்டாம்" என்றார் மேடம்.

பாட்டை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் ஸ்பீக்கர் இரைந்தது. அப்படியென்றால் மாட்டியதில் கோளாறு. ஆனால் அதே கோளாறு மைக் வழியாகப் பதிவுக்குள்ளும் போயிருக்கலாம். முதலில் ஸ்பீக்கரை ஊமையாக்க வேண்டும், அப்போதுதான் பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியும். உரக்கடைக்கு மோட்டார் வேலைக்கு வந்திருந்த எலக்ட்ரீசியன் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, "பிளக்குல மூணாவது பின்ன ஒடிச்சி விடுங்க, இரைச்சல் நின்னுரும்" என்றார். எங்கள் மைக்செட் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். மூன்றாவது பின் எர்த். ஒடித்தால் இரைச்சல் நிற்கும், என்றைக்காவது பெட்டியைத் தொட்டவரைத் தூக்கியும் எறியும்.

"ஸ்பீக்கர் வாயடைக்கதுக்காக ஆள் உயிர வைக்க முடியாதுண்ணே" என்றார் மேடம்.

அவர் தரையில் மண்டிபோட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்துப் போனார். அன்று பக்கத்து அறைக்கு மின்விசிறி வைப்பதற்காக, அதே எலக்ட்ரீசியன் காலையில் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி எதிர்ச்சுவரில் சொருகியிருந்தார். கம்ப்யூட்டர் ஓர் இடத்தில், ஸ்பீக்கர் வேறு லைனில். இரண்டு எர்த்துக்கும் நடுவில் சுற்றுகிற கரண்ட்தான் இப்படி இரையும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் சொருகியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

மேடம் கீழே இறங்கிக் கட்டடத்தின் பின்பக்கம் போனார், நானும் போனேன். எர்த் பைப் இறக்கியிருக்கிற இடத்தில் கரிசல் வெடித்துக் கிடந்தது. பைப்பைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. மண் பைப்பைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில் பைப்பைப் பிடித்துக்கொள்கிற அதே மண் கோடையில் கைவிட்டுவிடும். ஊரில் குடிதண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத நேரம். உரக்கடைக்காரர் தொட்டியில் இருந்து மேடம் குடம் குடமாக எடுத்து ஊற்றினார். "தண்ணியப் போய் மண்ணுல ஊத்துதியளே" என்று உரக்கடைக்காரர் தலையில் கை வைத்தார். மேடம் ஈர மண்ணை மிதித்து இடைவெளியை அடைத்துவிட்டு, மேலே வந்து கையைக் கழுவினார்.

ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. காதை ஒட்டி வைத்தும் கேட்டேன், ஒன்றுமில்லை. பதிவைப் போட்டோம். பேச்சியம்மாள் பாடும் இடமெல்லாம் பளிங்காக இருந்தது. அவர் ஒரு வரியை முடித்து, பக்கத்து அறைக்காரர்கள் திரும்பப் பாடுகிற இடைவெளியில் அவருடைய மைக்கில் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தது. மெலிசாக, 'ம்ம்ம்'.

பதிவுக்குள்ளேயே போய்விட்டது என்று முடிவு செய்தேன். மேடம் காதருகே போய், "எடையில இருக்கதயெல்லாம் அறுத்து எறிஞ்சிருவோம் மேடம். கம்ப்யூட்டர்ல ஒரே நிமிசம். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"இன்னொரு தடவ கேப்போம்" என்றார்.

கயிறு பிடித்து அளந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஓர் இடைவெளி போனது. இன்னொன்று போனது. மூன்றாவதில் விரலைத் தூக்கினார். "மின்சார இரைச்சல் மூச்சு வாங்குமா அண்ணாச்சி?"

திரும்பப் போட்டார். ஆமாம், நடுவில் ஓர் இடத்தில் அறுந்து, மூச்சு இழுத்து, மறுபடி தொடர்ந்தது. அடுத்த வரி எந்தச் சுருதியில் தொடங்குமோ அந்தச் சுருதிக்கு மெல்ல ஏறி நின்றது.

மேடம் பெஞ்சுக்குப் போய், "அம்மா, மத்தவிய பாடுறப்ப நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்டார்.

"நானா? சும்மாதான் இருக்கேன்" என்றார் பேச்சியம்மாள்.

சுடலைமுத்து குனிந்து சிரித்தார். "சும்மா எங்க இருக்கா? மொனங்கிட்டே இருப்பா தாயி. கல்யாணமான நாள்ல இருந்து மொனங்குதா. எனக்கு அதுதான் கணக்கு. அது மேல ஏறுச்சுன்னா அடுத்த வரி வருதுன்னு அர்த்தம், கையத் தூக்கிருவேன்."

பேச்சியம்மாள் அவரை முறைத்தார். "இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"சொன்னா நீ நிறுத்திருவ."

பழைய ஸ்பீக்கராக இருந்திருந்தால் அந்த முனகல் எங்களுக்குக் கேட்டே இருக்காது. மேடம் இல்லாமல் மானிட்டர் மட்டும் இருந்திருந்தால் நான் அறுத்து எறிந்திருப்பேன். இரண்டுமே இருந்தது பேச்சியம்மாள் செய்த புண்ணியம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதில் ஒரு இழையைக்கூடத் தொடாமல் மேடம் பத்திரப்படுத்தினார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. உயிருக்குப் பயமில்லை. குரல் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கிற ஒரு காற்று மிஞ்சியது.

ஆவணியில் கொடை. அதற்கு முந்தின வாரம் சுடலைமுத்து தனியாக வந்தார். "கேசட்டு போடுறது மாதிரி பாட்டப் போட்டுருவோம்னு ஊர்ல சொல்லுதாவ. இவ வில்லுல ஒக்காருதேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. கை நல்லாத்தான இருக்குன்னு கேக்கா. என்ன செய்ய தாயி?"

மேடம் யோசிக்கவே இல்லை. "ஒக்காரட்டும். குரல மட்டும் நான் தாரேன். வில்லு, குடம் எல்லாம் நீங்க அங்கனயே அடிங்க. இந்த வாரத்துக்குள்ள முழுசா ரெண்டு தடவ பழகிப் பாப்போம்." பிறகு என் பக்கம் திரும்பி, "மானிட்டர எடுத்து வைக்கணும் அண்ணாச்சி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொடைக்கா? அந்தப் புழுதிக்குள்ளயா? மைக்செட்டுக் குழாய் இருக்கே மேடம்."

"குழாயில அந்த மொனங்கல் வராது. அது இல்லன்னா இவிய எந்த எடத்துல கையத் தூக்குவாவ?"

மதியக் கொடை. ஆவணி வெயிலில் கரிசல் கொதித்தது. மைக்செட்டுக்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடிப் பொட்டி எதுக்கு மேடம்? நம்ம குழாயே நாலு ஊருக்குக் கேக்கும்" என்றார்.

"குழாய் ஊருக்குண்ணே. இது குடத்துக்காரருக்கு."

கூடத்தில் என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு அங்கேயும். எர்த்துக்கு ஒரு பைப்பை அடித்து இறக்கினோம், மேடமே கோயில் தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். எல்லாவற்றுக்கும் கரண்ட் ஒரே பிளக் பலகையில் இருந்து. மடிக்கணினி, நடுப்பெட்டி, கடைசியில் ஸ்பீக்கர். கயிறு பிடித்து அளந்தார். இந்த முறை நாற்காலி இருக்கும் இடத்தில் குடமும் வில்லும். ஸ்பீக்கரின் வாய் சனத்தைப் பார்க்காமல் பாடுகிறவர்களைப் பார்த்தது. யாருக்கும் தொடத் தராத பொருளின் மேல் கண்ணெதிரே தூசி படிந்தது. மேடம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பேச்சியம்மாள் கழுத்துத் தழும்பின் மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வில்லில் உட்கார்ந்தார். மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், போட்டேன். மரத்தில் கட்டிய குழாயில் இருந்து பேச்சியம்மாள் குரல் ஊர் முழுக்க எழுந்தது. முதல் வரி முடிந்தது. இடைவெளி. சுடலைமுத்து அசையாமல் இருந்தார். பின்பாட்டு முடியப் போகும்போது, எங்களுக்குப் பக்கத்தில் மட்டும், பொடிப் பெட்டியில் இருந்து 'ம்ம்ம்' என்று வந்து மேலே ஏறியது. சுடலைமுத்து கையைத் தூக்கினார். குடமும் வில்லும் குரலும் ஒரே நேரத்தில் விழுந்தன.

அதற்குப் பிறகு எங்குமே பிசகவில்லை. அம்மன் ஆற்றைக் கடந்து ஊருக்கு வருகிற இடம். மரத்தில் இருந்த குரல் அந்த வரியைப் பாடி நிறுத்தியது. பின்பாட்டுக்காரர்கள் வாயெடுப்பதற்கு முன்னால், வீசுகோலை ஓங்கியபடியே பேச்சியம்மாள் தன் குரலைப் பார்த்து நிமிர்ந்தார். இருக்கிற காற்றையெல்லாம் கூட்டி, "ஆமா" என்றார்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மேடத்துக்கும் எனக்கும் மட்டும்தான் அது கேட்டது.